டாலரைப் பூட்டுவதா, வட்டியைப் பூட்டுவதா? ஒரு துணிக்கடையின் கணக்கு

2022 செப்டம்பர் கடைசி வாரம். திருப்பூரிலிருந்து வந்த பெட்டிகள் சிங்கப்பூரில் எங்கள் துணிக்கடை மாடியில் கூரை வரை அடுக்கியிருந்தன. பிள்ளைகளின் பட்டுப் பாவாடை செட்டுகளுக்கு 48 வெள்ளி, 62 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) என்று விலைச்சீட்டு மாட்டி, பாதியைக் கீழே இறக்கி விற்கவும் தொடங்கிவிட்டோம். தீபாவளிக்கு நாலு வாரம் இருந்தது. அந்த வாரத்தில்தான் 80,000 அமெரிக்க டாலர் இன்வாய்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆர்டர் கொடுத்தபோது ஒரு டாலர் 1.36 வெள்ளி. பணம் அனுப்பிய அன்று வங்கி போட்ட விலை 1.44. அதாவது 108,800 வெள்ளி என்று எழுதி வைத்திருந்த இடத்தில் 115,200 போனது. 6,400 வெள்ளி. நேற்று 48 வெள்ளிக்கு வாங்கிப் போன அம்மா இன்று தங்கை மகளுக்கு இன்னொன்று எடுக்க வந்தால், 52 என்று சொல்ல முடியுமா?

அதே மாதங்களில் வட்டியும் ஏறியது. தீபாவளிச் சரக்குக்காக எடுக்கும் கடனுக்கு வங்கி எங்களிடம் வாங்குவது மூன்று மாத சோரா விகிதமும் அதன்மேல் 2 சதவீதமும். சோரா என்பது இங்குள்ள வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் ஒருநாள் கடன் வட்டியை வைத்துக் கணக்கிடும் விகிதம். 2022 தொடக்கத்தில் சோரா கால் சதவீதம்கூட இல்லை. வருடக் கடைசியில் 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அப்புறம்தான் நானும் கடையில் பங்குதாரரான என் மச்சானும் உட்கார்ந்து பேசினோம். எங்களைப் போன்ற கடைக்கு வங்கி தரும் கடன் வரம்பும், நாங்கள் செலவழிக்கக்கூடிய கவனமும் குறைவு. டாலர் விலை, வட்டி இரண்டையும் பூட்ட, அதாவது முன்கூட்டியே நிலையாக்கி வைக்க முடியாது. ஒன்றைத்தான் பூட்டலாம் என்றால் எதை? வழி ஒன்று, கடனை நிலையான வட்டிக்கு மாற்றிவிட்டு, டாலரை அன்றன்றைய விலைக்கு வாங்குவது. வழி இரண்டு, டாலரை ஃபார்வர்டில், அதாவது பின்னொரு தேதியில் வாங்க இன்றே விலையை முடிவு செய்யும் வங்கி ஒப்பந்தத்தில், முன்கூட்டியே விலை பேசிவிட்டு, கடனை மாறும் வட்டியிலேயே விடுவது. 2023இலிருந்து நாங்கள் இரண்டாவது வழியில்தான் இருக்கிறோம்.

முதல் வழியை நாங்கள் பார்க்காமல் விடவில்லை. 2023 தொடக்கத்தில் எங்கள் வங்கி 200,000 வெள்ளிக்கு 5 சதவீத நிலையான வட்டியில் மூன்று வருடக் கடன் தருவதாகச் சொன்னது. அன்றைக்கு நாங்கள் மாறும் வட்டியில் கட்டிக்கொண்டிருந்ததைவிட அது குறைவு. மச்சானுக்கு அது பிடித்துவிட்டது. “மாசாமாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சா தூக்கம் வரும்” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் துணிக்கடைக்கு வருடம் முழுவதும் பணம் தேவைப்படுவதில்லை. ஜூனில் முன்பணம் கொடுக்கக் கடன் எடுக்கிறோம், தீபாவளி விற்பனை முடிந்ததும் அடைத்துவிடுகிறோம். சுமார் 150 நாள். மாறும் வட்டி 5.6 சதவீதமாக இருந்தாலும் 200,000 வெள்ளிக்கு 150 நாள் வட்டி 4,600 வெள்ளி. அந்த நிலையான கடனிலோ, தவணை கட்டிக்கொண்டே வந்தாலும் முதல் வருட வட்டி மட்டும் 8,500க்கு மேல். முன்னதாக அடைத்தால், அடைக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை வெள்ளி அபராதம். கையில் சும்மா இருக்கும் மாதங்களில் அந்தப் பணத்தை டி-பில்லில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தில்) போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நாலு சதவீதத்துக்கு வாங்கினாலும், 5 சதவீதத்துக்குக் கடன் எடுத்துப் போட்ட பணம் அது. சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நாள் கணக்குதான் விடை சொன்னது.

சொந்தமாகக் கடைவீடு வாங்கி இருபது வருடக் கடன் கட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். அந்தப் பக்கம் எங்களுக்கு அனுபவம் இல்லை.

இரண்டாவது வழிக்கு என்னை இழுத்தது வேறொன்று. பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் சந்தை அபாயம் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். வட்டி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் லாபம் எவ்வளவு குறையும், டாலர் 5 சதவீதமோ 10 சதவீதமோ ஏறினால் எவ்வளவு குறையும் என்று ஒரு சின்ன அட்டவணை. கணக்கியல் தரநிலை கேட்பதால் போடுகிறார்கள். அதேபோல எங்கள் கடைக்கும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மிகவும் பயனுள்ள பழக்கம், எந்தக் கடைக்காரரும் ஒரு மாலை நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் அந்த அட்டவணைகளில் வழக்கமாக ஒரு வரி வரும்: மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால். 2022இல் எங்களுக்கு மற்றவை மாறாமல் இருக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

அது தற்செயலும் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டியை வைத்து அல்ல, வெள்ளியின் மதிப்பை வைத்துத்தான் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளியைப் பல நாட்டு நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு எதிரே வைத்து நடத்துகிறது. வட்டி இங்கே பெரும்பாலும் வெளியிலிருந்து, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க வட்டி 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போனது. அங்கே வட்டி ஏறினால் டாலர் பலக்கும், சோராவும் பின்னாலேயே ஏறும். 2021 அக்டோபரிலிருந்து ஒரு வருடத்தில் ஆணையம் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது, அதாவது வெள்ளி இன்னும் பலக்க வழிவிட்டது. கூடைக்கு எதிரே வெள்ளி உறுதியாகவே நின்றது. ஆனால் என் இன்வாய்ஸ் கூடையில் இல்லை, அமெரிக்க டாலரில் இருந்தது.

எல்லா நேரமும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். நான் பார்த்த நாலு வருடத்தில் நடந்த பெரிய அசைவுகளில் இரண்டும் ஒரே திசையில்தான் போயின. அப்படியானால் டாலரைப் பூட்டி வட்டியைத் திறந்துவிட்டவனுக்கு, டாலர் ஏறும் வருடத்தில் அடி ஒரு பக்கம் மட்டும்தான் விழும். டாலர் இறங்கும் வருடத்தில் ஃபார்வர்டில் விட்டதில் ஒரு பங்கு வட்டியில் திரும்பி வரும். வட்டியைப் பூட்டி டாலரைத் திறந்துவிட்டாலும் ஒரு பக்கம் காப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வட்டி ஏற்றம் மாதம் முன்னூறு, நானூறாக வரும், சமாளிக்கலாம். டாலர் ஏற்றம் ஒரே நாளில், விலைச்சீட்டு மாட்டிய பிறகு, மொத்தமாக வரும்.

இதில் கசந்த வருடமும் உண்டு. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் டாலர் 1.34ஐ ஒட்டி இருந்தது. 50,000 டாலரை 1.33க்குப் பூட்டினோம். செப்டம்பரில் கட்டும்போது சந்தையில் 1.29. பூட்டாமல் இருந்திருந்தால் 2,000 வெள்ளி மிச்சம். பக்கத்துக் கடை அண்ணன் படியேறி வந்து, “தம்பி, டாலர் இறங்கிக்கிட்டே இருக்கு, நீங்க மட்டும் ஏன் கூடக் கொடுக்கிறீங்க?” என்று அக்கறையோடு கேட்டார். அவருக்குக் காட்ட லெட்ஜரைத் திறந்தேன். 2024இல் தீபாவளிக் கடனுக்குக் கட்டிய வட்டி 4,500 வெள்ளி. 2025இல் சோரா 2 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதால் அதே தொகைக்கு, அதே 150 நாளுக்கு 3,100. ஆக, விட்ட 2,000இல் 1,400 அந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. முதல் வழியில் போயிருந்தால் 5 சதவீதத்தில் நின்றிருப்போம்.

ஆறு மாதம் கழித்து வாங்கும் டாலர் இன்றைய விலையைவிட எப்படி ஒரு காசு குறைவாகக் கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள். வங்கி டாலர் இறங்கும் என்று கணித்து அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க வட்டிக்கும் இங்குள்ள வட்டிக்கும் இருக்கும் வித்தியாசம்தான் அந்த ஒரு காசு. அங்கே வட்டி அதிகமாக இருக்கும்வரை, முன்கூட்டி வாங்குபவருக்கு டாலர் சற்று மலிவாக விழும். டாலரை இப்போதே வாங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் இது நடக்காது. அதற்குக் கடன் வாங்க வேண்டும், விற்பனை மந்தமான மாதங்களில் வட்டி கட்ட வேண்டும்.

ஃபார்வர்டில் உண்மையான தொல்லை தேதியும் அளவும். 2023இல் முதல் தடவை 80,000 முழுவதையும் செப்டம்பர் 20 என்று ஒரே தேதிக்குப் பூட்டினோம். மில்லிலிருந்து சரக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது, அதுவும் பதினைந்து நாள் தாமதமாக. தேதியைத் தள்ளுவதற்கு ஒரு கட்டணம், மிஞ்சிய டாலரை வங்கிக்கே அன்றைய விலைக்குத் திருப்பி விற்றது இன்னொன்று. அதன் பிறகு ஆர்டரில் அறுபது சதவீதத்துக்கு மேல் பூட்டுவதில்லை. தேதியும் ஒன்றாக இல்லாமல், செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை எந்த நாளிலும் எடுக்கலாம் என்று கேட்டு வாங்குகிறோம். விலை ஒரு துளி கூடுதல்தான், கொடுக்கலாம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை வங்கி நம் கடன் வரம்பில் கழித்துக்கொள்ளும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய விலைக்கு வாங்கவும் செய்யலாம், வேண்டாமென்று விடவும் செய்யலாம் என்று ஆப்ஷன் என்ற இன்னொன்றும் வங்கியில் காட்டினார்கள், முன்பணம் கட்ட வேண்டும் என்றதும் விட்டுவிட்டோம்.

காஞ்சிபுரத்திலிருந்து ரூபாயில் வரும் பில்களை நாங்கள் பூட்டுவதே இல்லை. 2022 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 55 ரூபாய், 2025 தீபாவளி நேரத்தில் 67, 68. இதுவரை காற்று நம் பக்கம் அடித்திருக்கிறது. ஆனால் சேலை பில் மொத்தக் கொள்முதலில் சின்னப் பங்கு என்பதால்தான் அந்தத் துணிச்சல். உங்கள் கடையில் அதுவே பெரும்பங்கு என்றால் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

இந்த வருட ஆர்டருக்கும் அறுபது சதவீதம் என்றுதான் பேசி வைத்திருக்கிறோம். மச்சான் ஐம்பது போதும் என்கிறார். மில்காரர் பாவாடை செட்டுகளின் எண்ணிக்கையை உறுதிசெய்து அனுப்பியதும் வங்கிக்குப் போன் போட வேண்டும். விலைச்சீட்டு அச்சடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.