பயிற்சியாளராக யார்: பழைய வீரரா, வெளியாளா?

பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு 2024-இல் ஓய்வுபெற்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், தாம் ஒரு காலத்தில் ஆடிய இந்திய ஜூனியர் ஹாக்கி அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். அதே ஆண்டு ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 5-3 என்று அணி வென்றது. பெனால்டி கார்னருக்கு (தவறுக்குத் தண்டனையாகக் கோலுக்கு அருகே எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) முன் நெஞ்சு எப்படிப் படபடக்கும் என்று அறிந்தவர் பேசினால், பதின்வயதுப் பையன்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். எந்தப் பயிற்சிப் பட்டயமும் தராத செல்வாக்கு அது.

வெளியிலிருந்து வருபவருக்கு இந்த நெருக்கம் கிடையாது. ஆனால் அணிக்குள் பழைய நட்பும் பகையும் அவருக்கு இல்லை. ஆஸ்திரேலியரான கிரஹாம் ரீட் பயிற்சியளித்தபோதுதான் டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. (அவரும் முன்பு, தாம் ஆடிய ஆஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர்தான்.) நேற்றுவரை ஒரே அறையில் தங்கிய நண்பனை அணியிலிருந்து நீக்க எந்தப் பழைய வீரருக்கும் மனம் வராது. ரீட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

ஜூனியர் அணிக்கு என் தேர்வு பழைய வீரரே. சீனியர் அணிக்கோ, கூட ஆடியவர்கள் பெரும்பாலும் விலகிய பிறகே அவர் திரும்ப வேண்டும்.