பார்க்கிங் டாட் எஸ்ஜி ஆப்: தேக்கால மாவு எறக்கற வேன்காரன் ரிவ்யூ

சிங்கப்பூர்ல பார்க்கிங் காசை ஃபோன்லயே கட்டற ஆப் இது. முதல்லயே சொல்லிடறேன், நான் கார் எடுத்துக்கிட்டு ஷாப்பிங் போற ஆளு இல்ல. இட்லி மாவு, தோசை மாவு, பனீர், தேங்காத் துருவல் இதெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு விடிகாலைல கெளம்பி, லிட்டில் இந்தியான்னு சொல்ற தேக்கா சுத்தி இருக்கற சாப்பாட்டுக் கடைங்களுக்கு எறக்கிட்டுப் போறவன். ஒரு நாளைக்கு ஒம்பது கடை, பத்து கடை. கடைக்கு அஞ்சு நிமிஷம்னு தான் கணக்கு போடுவோம், ஆனா உள்ள போனா நேத்து பக்கெட்டை இன்னும் கழுவலம்பாங்க, கையெழுத்துப் போட வேண்டிய அண்ணன் மாடில குளிச்சிட்டு இருக்காரும்பாங்க, அதுக்குள்ள வெளிய வண்டி நிக்குதேன்னு வயித்துல புளியைக் கரைக்கும். இந்த ரிவ்யூ அந்த வயித்துல இருந்து வர்றது, ஆபீஸ்க்கு கார்ல போறவங்களுக்கு இவ்ளோ டீட்டெயில் தேவைப்படாது.

ஆப் வந்தது 2017 அக்டோபர் 1. அதுக்கு முன்னாடி கூப்பன் தான். புது ஆளுங்களுக்குத் தெரியாது, ஒரு சின்ன அட்டை, அதுல வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம்னு வட்டம் வட்டமா இருக்கும், ஒவ்வொண்ணையும் பிச்சு மடக்கி டாஷ்போர்டு மேல வெக்கணும், மழைல ஈரக் கையோட பிச்சா பக்கத்து வட்டமும் சேர்ந்து கிழிஞ்சு வந்துடும், அப்புறம் அந்தக் கூப்பன் வேஸ்ட். பிச்ச துண்டுங்க எல்லாம் கால்வாய் ஓரமா கொட்டிக் கெடக்கும். அதை விட கொடுமை என்னன்னா அரை மணி நேரத்துக்கு ஒரு கூப்பன், நீங்க ஏழு நிமிஷத்துல மாவை எறக்கிட்டுக் கெளம்பினாலும் அரை மணி காசு போனது போனது தான்.

இப்ப நிமிஷக் கணக்கு. கட்டணம் 2016 டிசம்பர்ல ஏத்தினதுல இருந்து சாதாரண எடத்துல அரை மணிக்கு 60 காசு, டவுனுக்குள்ள திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலைல 7 மணில இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் 1 வெள்ளி (டாலர்) 20 காசு. அந்த ரேட்ல பாத்தா நிமிஷத்துக்கு 2 காசு, இல்லன்னா 4 காசு. ஏழு நிமிஷம் நின்னா 14 காசு, டவுன் ரேட்லயே 28 காசு தான். ஒரு கடைக்கு அது ஒண்ணும் இல்ல, பத்து கடை, வாரம் ஆறு நாள்னு பெருக்கிப் பாருங்க. நான் என்ன பண்றேன்னா எப்பவும் நேரம் கூடவே போட்டுடுவேன், வேலை முடிஞ்சு வண்டில ஏறினதும் நிறுத்திடுவேன், மிச்ச நிமிஷத்துக் காசு திரும்ப வந்துடும். கடைக்குப் போற வழில போர்டைப் பாத்து எந்த ரேட்டுன்னு தெரிஞ்சுக்கறது மட்டும் நம்ம பொறுப்பு, ஒரு தெரு தள்ளினா ரேட்டு மாறலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது எடத்தை விட்டு நகராமயே நேரத்தைக் கூட்டிக்கற வசதி. போன மாசம் ஒரு கடை சமையக்கட்டுல நிக்கறேன், பக்கெட் மூடி சரியா மூடாம வழிஞ்சு ரெண்டு கையும் மாவு. பாக்கெட்ல ஃபோன் நடுங்குது, டைம் முடியப்போகுதுன்னு. கைரேகை எடுக்கல. துடைக்கத் துணி இல்ல. பக்கத்துல வெங்காயம் வெட்டிட்டு இருந்த தம்பி கிட்ட பாஸ்வேர்டைச் சொல்லி, "டேய் அந்த நீட்டிக்கற பட்டனை அமுக்குடா"ன்னு சொன்னேன், அவன் அரை மணி போட்டுட்டான், நான் கேட்டது பத்து நிமிஷம். ஆனா பரவால்ல, மிச்சம் திரும்ப வந்துச்சு. கூப்பன் காலமா இருந்தா மாவுக் கையோட ரோட்டுக்கு ஓடியிருப்பேன், நான் போறதுக்குள்ள அபராதச் சீட்டு போடற சம்மன் மாமா மெஷின்ல நம்பரைத் தட்டி முடிச்சிருப்பாரு.

சம்மன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை வாங்கினேன், அதுவும் காசு கட்டிட்டு! ஆப்ல ரெண்டு வண்டி நம்பர் சேவ் பண்ணி வெச்சிருந்தேன், ஒண்ணு என் வேன், இன்னொண்ணு மச்சான் கார், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக எடுப்பேன். திங்கக்கிழமை காலைல தூக்கக் கலக்கத்துல நம்பரைப் பாக்காம ஸ்டார்ட் அமுக்கிட்டேன். மச்சான் கார் அவர் வீட்டு புளோக் கீழ தூங்குது, அதுக்கு தேக்கால காசு ஓடுது, என் வேன் அங்க அனாதையா நிக்குது. தப்பு என்னோடது தான், ஆப்பைச் சொல்லி என்ன பண்றது. இப்ப அந்த நம்பரைத் தூக்கிட்டேன், ஞாயித்துக்கிழமை மட்டும் திரும்பப் போட்டுக்கறேன். ரெண்டு வண்டி வெச்சிருக்கறவங்க ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி நம்பரை ஒரு தடவை வாய் விட்டுப் படிங்க, பைத்தியம்னு நெனச்சாலும் பரவால்ல.

சரி, இவ்ளோ நல்ல ஆப் இருந்தும் காலைல எனக்கு ஏன் ரத்தக் கொதிப்பு ஏறுது? காசு கட்டறது சுலபமாயிடுச்சு, வண்டியை விடறதுக்கு எடம் எங்க? அந்தத் தெருக்களைப் பாருங்க, பஃபலோ ரோடு, அந்தப் பக்கம் கெர்பாவ் ரோடு, மலாய்ல கெர்பாவ்னாலும் எருமை தான், ஒரு காலத்துல மாட்டு வியாபாரம் நடந்த ஊரு, மாட்டுவண்டி போன தெருவுல இப்ப நான் வேனை விடறேன். கடைவீடுங்க முன்னாடி இருக்கற அஞ்சடிப் பாதை வெள்ளைக்காரன் ராஃபிள்ஸ் 1822-ல போட்ட ஊர்த்திட்டத்துல இருந்து வர்ற பழக்கம், வெயில் மழை படாம ஜனங்க நடக்கறதுக்கு அருமையான யோசனை, ஆனா டிராலி தள்றவன் கிட்ட கேளுங்க, ஒரு கடை வாசல் ஒரு படி ஏத்தம், அடுத்த கடை ஒரு படி எறக்கம், நாப்பது கிலோ மாவு தளும்பிக்கிட்டே வரும். கேம்பல் லேன் வேற நடைபாதையாயிடுச்சு, அங்க கடை வெச்சிருக்கறவங்களுக்கு சரக்கு குடுக்கணும்னா தெருமுனைல நிறுத்திட்டு தள்ளிக்கிட்டே போக வேண்டியது தான். டூரிஸ்ட்டுக்கு நல்லாத்தான் இருக்கு, நானும் சாயங்காலம் குடும்பத்தோட வந்தா நல்லாத்தான் இருக்கும்பேன்.

"அடுக்குமாடி கார்பார்க்ல போட வேண்டியதுதானே"ன்னு சில பேர் கேக்கறாங்க. என் வேன் மேல ஃப்ரிட்ஜ் யூனிட் இருக்கு அண்ணே, ஹைட் பார்ல தலை இடிக்கும். ரோட்டோரமா கோடு போட்ட பார்க்கிங் எடம், அந்த லாட்டு தான் எனக்கு. அதுல காலைல எட்டு மணிக்கே வந்து நாள் பூரா நிக்கற காருங்க இருக்கு, நிமிஷத்துக்கு 2 காசு அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல. சிராங்கூன் ரோடு ஒருவழி, ஒரு லாட்டைத் தவற விட்டா ஜாலான் புசார் வழியா சுத்திக்கிட்டு வரணும், அந்தச் சுத்துல இன்னொரு கடையையே முடிச்சிருக்கலாம். ஹசார்டு லைட்டைப் போட்டுட்டா எந்த எடமும் பார்க்கிங் தான்னு நம்பற டிரைவருங்களும் இருக்காங்க, 2014-லயே எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) கேமரா வெச்சுப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, லைட்டு மினுக்கறதைப் பாத்து கேமரா இரக்கப்படாது. ரெட்டை மஞ்சக்கோடுல எந்த நேரமும் பார்க்கிங் கெடையாது, ரெட்டை வளைஞ்ச கோடுன்னா நிக்கவே கூடாது, புதுசா ஓட்ட வர்ற தம்பிங்க இதை மனசுல வெச்சுக்கங்க.

கேட்டு போட்ட எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல 10 நிமிஷம் கிரேஸ் உண்டு, அதுக்குள்ள வெளிய வந்துட்டா காசு கெடையாது, அது எங்களுக்கு அமிர்தம். 2020 கொரோனா ஊரடங்கு, இங்க சர்க்கிட் பிரேக்கர்னு சொல்லுவோம், அந்தச் சமயத்துல அதை 20 நிமிஷமாக்கினாங்க, ஊரே வீட்டுல உக்காந்து ஆர்டர் போட்ட நேரம், அந்தக் கொஞ்ச நாள் நான் ஓடாம நடந்து டெலிவரி பண்ணினேன், அப்புறம் திரும்ப 10 ஆயிடுச்சு, நானும் திரும்ப ஓட ஆரம்பிச்சுட்டேன். லிப்ட் எந்த மாடில நிக்குதுங்கறதுல தான் இருக்கு அன்னிக்கு யோகம்.

இந்த ஆப்போட சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்லாம விட மனசு வரல. ஒரு மால், பேரு வேணாம், அங்க சரக்கு எறக்கறதுக்குன்னே லோடிங் பே இருக்கு, கேக்கறதுக்கு நல்லாருக்கும். காலைல போனா முன்னாடி ஏழு லோரி வரிசை, பீர் லோரி, கோழி லோரி, பாசிர் பாஞ்சாங் மார்க்கெட்ல இருந்து வர்ற காய்கறி லோரி. ஐ.சி. (அடையாள அட்டை) குடுத்து பாஸ் வாங்கணும், எழுதணும், சரக்கு லிப்ட் ஒண்ணே ஒண்ணு, அதுல குப்பை வண்டியும் எறங்கும். ஒரு நாள் ஐம்பது நிமிஷம் நின்னு, பனீர் வியர்க்க ஆரம்பிச்சிருச்சு, உள்ள கடைக்காரங்க ஃபோன்ல "அண்ணே எங்க இருக்கீங்க, கஸ்டமர் உக்காந்துட்டாங்க". கீழ தான் இருக்கேன்மா, உங்க கால் மிதிக்கற தரைக்குக் கீழயே தான் இருக்கேன்! கடைகளுக்கு நேரம் பிரிச்சுக் குடுத்தா பாதிப் பிரச்சினை போயிடும், ஆறு மணிக்குக் கோழி, ஏழு மணிக்கு மாவுன்னு, அதுக்கு ஆப் கூட வேணாம், சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டினா போதும்.

எங்க மாமனார் லோரி ஓட்டினவரு, அவர் கிட்ட பொலம்பினா சிரிப்பாரு. 1975 ஜூன்ல டவுனுக்குள்ள போக ஏரியா லைசென்ஸ்னு காசு குடுத்து வாங்கற அனுமதிச் சீட்டு வந்தப்போ கார்காரங்க நாளைக்கு 3 வெள்ளி கட்டினாங்க, சரக்கு லோரிக்கு விலக்கு, ராஜா மாதிரி போனோம்பாரு. 1989-ல லோரியையும் சேத்துட்டாங்க, 1998 செப்டம்பர்ல இ.ஆர்.பி. (மெஷினே காசு பிடிக்கற ரோட்டுக் கட்டணம்) வந்துச்சு, இப்ப என் மாதிரி சின்ன வேனுக்கு கார் கட்டணம், பெரிய லோரிக்கு ஒன்றரை மடங்கு, அதை விடப் பெருசுக்கு ரெண்டு மடங்கு. அவரோட ராஜா கதை முடியறதுக்குள்ள என் கோப்பி ஆறிடும்.

ஆப்புக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் கொறைச்சது நியாயமே இல்லன்னு எனக்கே தெரியும், மச்சான் கார் தூங்கினதுக்கு நான் கட்டின சம்மன் காசு இன்னும் மனசை விட்டுப் போகல, அவ்ளோ தான்.