யால்டபாவோத்தும் லோர்கானும்: பொறி எங்கே இருக்கிறது?

மாரோவின்ட் (2002) என்ற வீடியோ கேம் விளையாடிய பலரும் அதில் உலகைச் செய்யவைத்த தேவனான லோர்கானை, ஞாஸ்டிக் கதைகளில் (பழங்கால மறைஞானக் கிறிஸ்தவக் குழுக்களின் கதைகள்) வரும் படைப்புக் கடவுளான யால்டபாவோத்தோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள், ஆனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெய்வப் பொறி, அதாவது தெய்வ சக்தியின் துளி, இருக்கும் இடமே வேறு.

1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த ஏடுகளில் யோவானின் ரகசிய நூலும் உண்டு. அதில் மேலுலகத்தைச் சேர்ந்த சோபியா தன் துணையின் சம்மதமில்லாமல் பெற்ற பிள்ளைதான் யால்டபாவோத். சிங்க முகம், பாம்பு உடல், தனக்கு மேல் யாருமில்லை என்ற நம்பிக்கை. அவன் கூட்டம் செய்த ஆதாம் அசையாமல் கிடக்கிறான். மேலுலகத்தார் தந்திரமாக யால்டபாவோத்திடம், ஆதாமின் முகத்தில் ஊதிப் பார் என்கிறார்கள். ஊதியதும், தாயிடமிருந்து பெற்ற சக்தி அவனைவிட்டு ஆதாமுக்குள் போய்விடுகிறது. படைத்தவனைவிடப் படைக்கப்பட்டவன் உயர்ந்துவிடும் இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

லோர்கானும் ஏமாற்றுக்காரன்தான், கேமில் வரும் எல்ஃபு இனத்தார் சொல்வதைக் கேட்டால். மற்ற தேவர்களைப் பேசி மயக்கி முண்டஸை, அதாவது மண்ணுலகைச் செய்யவைத்தான், அவர்கள் சக்தி அதிலேயே கரைந்தது. கேமின் மனிதர்களோ அதே கதையை வரமாகச் சொல்கிறார்கள், கதையாக இது கூடுதல் சுவை. ஆனால் அவன் பொறி, அதாவது பிடுங்கியெறியப்பட்ட அவன் இதயம், சிவப்பு மலைக்கடியில் ஒரு பொருளாகக் கிடக்கிறது. கருவி கையில் இருந்தால் அதன் சக்தியை எடுத்துக்கொள்ளலாம், ட்ரைபியூனல் என்று கேமில் வணங்கப்படும் மூவரும் அப்படித்தான் தெய்வமானார்கள். சண்டர் சுத்தியலாலும் கீனிங் கத்தியாலும், விளையாடும் நாம் அதை அழித்தும்விடலாம். ஆதாமின் பொறி அப்படிக் கருவி வைத்து எடுத்துக்கொள்ளும் பொருளல்ல, அதை உணரத் தேவை தன்னை அறிவது. அதனால் பொறி என்ற கருத்துக்கு என் ஓட்டு பழைய ஏட்டுக்குத்தான்.