கொரிய மொழிப் பயிற்சியைப் பட்டப்படிப்பு என்று சொல்லி விற்கிறார்கள்

தென்கொரியப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பிச் சென்னையில் முகவர்களை நாடும் மாணவர்களும் பெற்றோர்களும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். காவல்துறையில் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் என்னை ஏமாற்றிய முகவர் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

சியோலுக்கு அருகே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு என்றும், முதல் ஆண்டு கொரிய மொழி படித்தால் பிறகு தானாகவே துறைக்குள் எடுத்துக்கொள்வார்கள் என்றும், போய் இறங்கிய மாதமே பகுதிநேர வேலை பார்த்து விடுதிச் செலவைச் சரிக்கட்டிவிடலாம் என்றும் சொல்லித்தான் என்னிடம் பணம் வாங்கினார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

எனக்குக் கிடைத்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் மொழிக் கல்வி நிலையத்தில் ஓர் இடம் மட்டுமே. சேர்க்கைக் கடிதத்தைத் தூதரகத்துக்கு வேண்டும் என்று தங்களிடமே வைத்துக்கொண்டு, கட்டண விவரம் உள்ள பக்கத்தை மட்டும் நகலெடுத்துத் தந்தார்கள். புறப்படும் வாரத்தில் கைக்கு வந்த விசாவில், பட்டப்படிப்புக்குரிய டி-2 இல்லை. மொழிப் பயிற்சிக்குரிய டி-4-1 என்றிருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் முதல்ல டி-4தான் தம்பி, அங்க போனதும் மாத்திக் குடுத்துடுவாங்க" என்றார் மேலாளர். மாற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால், துறைக்குப் புதிதாக விண்ணப்பித்து, பெரும்பாலான இடங்களில் கேட்கப்படும் டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் மூன்றாம் நிலையைக் காட்டி, இடம் கிடைத்த பிறகே விசாவை மாற்றக் கோரலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

படிப்பில் குறையில்லை. பத்து வாரம் கொண்ட பருவம், நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு நிலைக்கு 200 மணி நேரம் என்று ஒழுங்காகவே நடத்துகிறார்கள். வருகைப் பதிவில் மட்டும் துளியும் இரக்கம் கிடையாது, அது குறைந்தால் விசா நீட்டிப்பே சிக்கலாகும். வேலையோ ஆறு மாதம் கழித்துத்தான், அதுவும் கல்வி நிலையத்தின் ஒப்புதலோடு குடிவரவு அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகே செய்யலாம்.

பெரிய மோசடி மூன்றாம் பருவப் பதிவின்போதுதான் வெளிப்பட்டது. கட்டணம் வரவில்லை என்று அலுவலகத்தில் சொன்னபோது, ஓராண்டுக்கும் கட்டியாயிற்று என்றேன். பொறுப்பாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பருவத்துக்கு மட்டுமே பணம் வந்திருந்தது. முகவர் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தால், முழுத் தொகையும் "ஆலோசனைக் கட்டணம்" என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தது. இந்த வார்த்தையைக் காட்டித்தான் இன்றுவரை பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

ஆகவே கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்கி, பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையை வாங்கித் தருவதாகத் தனியே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்குத் தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ மாணவரே விண்ணப்பிக்கலாம். மொழியை மட்டும் தொடங்க நினைப்பவர்களுக்குச் சென்னையில் உள்ள இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையத்திலேயே வகுப்புகள் உண்டு. மார்ச் பருவத்துக்கு ஆள் சேர்ப்பதாக அதே நிறுவனம் இப்போதும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது.