'ஸ்டீரியோ, முதல் வெர்ஷன்' என்று தலையில் கட்டும் பீட்டில்ஸ் தட்டு: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பீட்டில்ஸின் பழைய அமெரிக்க எல்பிகளை, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. பேசப்போவது ஒரே ஒரு தட்டைப் பற்றி: 'இன்ட்ரொட்யூசிங் த பீட்டில்ஸ்'. சிகாகோவின் வீ-ஜே கம்பெனி 1964 ஜனவரியில் வெளியிட்டது, எண் 1062. உலகிலேயே அதிகமாகப் போலி அடிக்கப்பட்ட எல்பிகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. அந்தப் போலிகளில் ஒன்றுதான் ஆன்லைனில் எங்களுக்கு விற்கப்பட்டது.

விற்பனைக் குறிப்பில் நான்கு விஷயங்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. ஸ்டீரியோ. முதல் வெர்ஷன். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஸ்டீரியோ பட்டியலில் முதலிடம். 1964-லேயே பிளாட்டினம் என்ற விற்பனை விருது. வந்து சேர்ந்ததோ மோனோ ஒலி (இரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரே ஒலி; ஸ்டீரியோ என்றால் இடது, வலது வேறுபடும்), இரண்டாம் வெர்ஷனின் பாடல்கள், நகலெடுத்து அச்சடித்த லேபிள். நான்கில் ஒன்றுகூட உண்மை இல்லை. அட்டையில் மட்டும் 'ஸ்டீரியோ' என்று பெரிதாகப் போட்டிருந்தது.

பட்டியல் கதையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் வாங்குகிறவரை மயக்குவது அதுதான். இந்த எல்பி பில்போர்டில் முதலிடத்தைத் தொடவே இல்லை. ஒன்பது வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. அதற்கு மேலே இருந்தது போட்டிக் கம்பெனியான கேபிடல் வெளியிட்ட 'மீட் த பீட்டில்ஸ்'. அது பிப்ரவரி 15-ஆம் தேதிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து 11 வாரம் அசையவில்லை. அதை இறக்கியதும் பீட்டில்ஸின் இன்னொரு கேபிடல் எல்பிதான். 'ஸ்டீரியோ பட்டியல்' என்ற பேச்சுக்கும் இடமில்லை. மோனோ, ஸ்டீரியோ என்று தனித்தனியாக இருந்த இரண்டு எல்பி பட்டியல்களையும் பில்போர்டு 1963 ஆகஸ்டிலேயே ஒன்றாக்கிவிட்டது. பிளாட்டினம் என்ற விருதை அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கம் தொடங்கியது 1976-ல். ஆகவே '1964 பிளாட்டினம்' என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எதுவாக இருந்தாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் வேண்டுமென்றே செய்யப்படுகிறது. 1964 ஏப்ரல் 4-ஆம் தேதி ஹாட் 100 என்ற பில்போர்டின் தனிப்பாடல் பட்டியலின் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸுக்குப் போனது சரித்திரம். அதில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இரண்டாம் இடம், 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஐந்தாம் இடம். முதலாவது வீ-ஜேயின் துணை லேபிளான டாலியில் வந்தது, மற்றது வீ-ஜேயிலேயே வந்தது. பிறகு மே 30-ஆம் தேதிப் பட்டியலில் 'லவ் மீ டூ' முதலிடம் பிடித்தது, அதுவும் டாலிதான். இதெல்லாம் சிங்கிள்களின் வெற்றி, 45 வேகச் சின்னத் தட்டுகளின் வெற்றி. அதைத் தூக்கி எல்பியின் தலையில் வைத்து, 'முதலிடம் பிடித்த ஆல்பம்' என்று விற்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்: இத்தனை வாரம் இரண்டாம் இடத்தில் நின்ற ஒரு தட்டு எப்படி அரிதாக இருக்கும்? இந்த எல்பி பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் மிகப்பெரும் பங்கு மோனோ. ஸ்டீரியோவாக அச்சானது மிகச் சிறிய பங்கு, அதிலும் முதல் வெர்ஷன் ஸ்டீரியோ இன்னும் குறைவு. விலை பல ஆயிரம் டாலருக்குப் போவது அந்தச் சின்னப் பங்குக்குத்தான். பட்டியல் வெற்றியைப் பாடிப் பாடி, சாதாரண மோனோவுக்கும் கள்ளத் தட்டுக்கும் அந்த விலையைக் கேட்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

வெர்ஷன் என்ன கணக்கு என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். இங்கிலாந்தின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' எல்பியில் 14 பாட்டு. அமெரிக்காவில் வழக்கம்போல் 12 ஆக்கினார்கள். வீ-ஜே முதலில் விட்டது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 'ஆஸ்க் மீ ஒய்' இரண்டையும். ஆனால் உள்ளே வைத்த 'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ' பாடல்களின் அமெரிக்கப் பதிப்புரிமை கேபிடலின் துணை நிறுவனமான பீச்வுட் மியூசிக்கிடம் இருந்தது. எல்பி வெளியான சில நாட்களிலேயே நீதிமன்றத் தடை வந்தது. உடனே அந்த இரண்டு பாடல்களையும் எடுத்துவிட்டு, விட்ட இரண்டையும் உள்ளே போட்டு, பிப்ரவரியில் மறுபடி இறக்கினார்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'லவ் மீ டூ', இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'பி.எஸ். ஐ லவ் யூ' என்றிருந்தால் முதல் வெர்ஷன். அதே இடங்களில் 'ஆஸ்க் மீ ஒய்', 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' இருந்தால் இரண்டாவது.

பின்னட்டை மூன்று வகை. வீ-ஜேயின் மற்ற எல்பிகளின் வண்ணப் படங்கள் வரிசையாக இருப்பது 'ஆட் பேக்'. ஒன்றும் அச்சிடாமல் வெள்ளையாக விட்டது 'பிளாங்க் பேக்'. பாடல் பெயர்களை அச்சிட்டது 'டைட்டில்ஸ் பேக்'. வெளியிட்ட அவசரத்தில் பின்னட்டை தயாராக இல்லாததால்தான் முதல் இரண்டு வகையும் வந்தன. ஆட் பேக் உறைக்குள் இருக்க வேண்டியது முதல் வெர்ஷன். அதற்குள் 'ஆஸ்க் மீ ஒய்' தட்டு இருந்தால், உறை அசலாகவே இருந்தாலும் தட்டு மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாற்று வேலை அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் இரண்டாம் வெர்ஷன் மோனோ தட்டு எங்கும் கிடைக்கும். டைட்டில்ஸ் பேக் என்றால் பின்னட்டையில் அச்சான பெயர்களையும் லேபிளில் உள்ள பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இனி லேபிள். மற்ற எதையும் பார்க்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பாருங்கள். நடுவில் இருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். அசல் தட்டில் ஆல்பத்தின் பெயர், குழுவின் பெயர் இரண்டும் ஓட்டைக்கு மேலேயே, ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். ஆல்பத்தின் பெயர் மேலேயும் 'த பீட்டில்ஸ்' ஓட்டைக்குக் கீழேயும் பிரிந்து கிடந்தால் அது போலி. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. எங்களுக்கு வந்ததில் அப்படித்தான் இருந்தது. லேபிளைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வண்ண வளையம் உண்டு. அது ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு நழுவிப் போக வேண்டும். வந்த தட்டில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெட்டிவைத்த மாதிரி கோடு, சில இடத்தில் நிறம் திட்டுத்திட்டாக. ஒரு லேபிளைப் புகைப்படம் எடுத்து, அதிலிருந்து அச்சடித்தால் இப்படித்தான் வரும்.

லேபிளில் வீ-ஜே சின்னம் முட்டை வடிவத்துக்குள் இருக்கலாம், அடைப்புக்குறிக்குள் இருக்கலாம், வண்ண வளையமே இல்லாத வெறும் கறுப்பு லேபிளும் இருக்கலாம். எல்லாமே அசலில் உண்டு. பல தொழிற்சாலைகளில் அவசரமாக அச்சடித்ததால் வந்த வேறுபாடுகள் இவை. ஏமாற்றுகிறவர்களுக்கு இதுவே சப்பைக்கட்டு. எந்தக் குறையைச் சுட்டினாலும் 'வீ-ஜேயில் எத்தனையோ வகை உண்டே' என்பார்கள். எங்களுக்கும் அதே பதில்தான் வந்தது. வகைகள் உண்டு, உண்மைதான். ஆனால் பெயர் ஓட்டையால் பிரிந்த வகை அசலில் கிடையாது.

பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரைக்கும் இருக்கும் வெறும் வளையத்தில், அதாவது டெட் வாக்ஸில், இயந்திரத்தால் குத்திய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆடியோ மேட்ரிக்ஸ்' என்ற சொல்லோ, வட்டத்துக்குள் 'எம்ஆர்' என்ற எழுத்தோ இருந்தால் நல்ல அறிகுறி. போலிகளில் பெரும்பாலும் கையால் கீறிய எண் மட்டும் இருக்கும். நேர் வெளிச்சத்தில் இது தெரியாது. தட்டைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

அட்டையைப் பொறுத்தவரை, அந்தக் கால அமெரிக்க உறை என்றால் தடித்த அட்டையின் மேல் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். ஓரத்தில் தாள் மடிந்த விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். மெல்லிய அட்டையில் நேரடியாக அச்சடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். படத்தில் நால்வரின் முகமும் மங்கி, கோட்டின் மடிப்புகள் கறுப்பில் மூழ்கியிருந்தால் அது படத்தைப் படமெடுத்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பின்னால் அசலில் தெரியும் நிழல் பல போலிகளில் காணாமல் போயிருக்கும். ஆனால் 'அட்டை பழசாக, மஞ்சளாக இருக்கிறதே' என்பது எந்தச் சான்றும் இல்லை. 60களிலிருந்தே போலி அடித்திருக்கிறார்கள். வீ-ஜே 1966-ல் திவாலாகிவிட்டதால் கேட்பாரும் இல்லை. போலிக்கே இப்போது அரை நூற்றாண்டு வயது.

ஸ்டீரியோ சோதனைக்கு முதல் விதி: அட்டையிலும் லேபிளிலும் இரண்டிலும் ஸ்டீரியோ என்று இருக்க வேண்டும். அடுத்தது காது. முதல் பாட்டான 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' ஓடட்டும். ஆம்ப்ளிஃபையரில் பேலன்ஸ் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்புங்கள். கிதார், பாஸ், டிரம்ஸ் நிற்கும், குரல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். வலது பக்கம் திருப்பினால் குரல் முன்னால் வந்து வாத்தியங்கள் பின்வாங்கும். இரண்டு தட ரெக்கார்டிங்கில் வாத்தியம் ஒரு தடம், குரல் ஒரு தடம் என்று பதிவானதால் இப்படி. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கேட்டால் அது மோனோ, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'லவ் மீ டூ'வையும் 'பி.எஸ். ஐ லவ் யூ'வையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அந்தக் காலத்தில் அவற்றுக்கு உண்மையான ஸ்டீரியோவே கிடையாது; எந்த வீ-ஜே தட்டிலும் குரல் பிரியாது. அதைக் கேட்டு அசல் ஸ்டீரியோவைப் போலி என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் உங்களுக்கு.

அதே முதல் பாட்டின் தொடக்கத்தை இன்னொரு முறை கேளுங்கள். இங்கிலாந்து தட்டில் பால் மெக்கார்ட்னி 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று எண்ணித் தொடங்குவார். வீ-ஜேக்காகச் சிகாகோவில் மாஸ்டர், அதாவது தட்டு அச்சடிப்பதற்கான மூலப் பதிவு, தயாரித்த பொறியாளர் அதைத் தேவையில்லாத சத்தம் என்று கருதி முதல் மூன்று எண்ணையும் வெட்டிவிட்டார். வீ-ஜே தட்டில் 'ஃபோர்!' மட்டும் கேட்கும், உடனே பாட்டு. நான்கு எண்ணும் முழுதாகக் கேட்டால் அது வீ-ஜே மாஸ்டரிலிருந்து வந்ததல்ல. 'ஃபோர்' மட்டும் கேட்டால் அசல் என்று முடிவு கட்டவும் முடியாது, வீ-ஜே தட்டிலிருந்தே நகலெடுத்த போலிகளிலும் அப்படியேதான் இருக்கும்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் இவை: இரண்டு பக்க லேபிளும் நேர்கோணத்தில், ஓட்டை தெளிவாகத் தெரியும்படி, இரண்டு பக்க டெட் வாக்ஸும் சாய்ந்த வெளிச்சத்தில், பின்னட்டை முழுதாக, உறையின் மேல், கீழ் விளிம்புகள். முதல் பாட்டின் முதல் அரை நிமிடத்தை ஸ்டீரியோவில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். படங்கள் அந்தத் தட்டுடையவைதானா என்று உறுதிசெய்ய, நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைத் துண்டுத் தாளில் எழுதி லேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் விற்பனையாளர் காட்டிய லேபிள் படம் வேறொரு தட்டுடையது. வந்த தட்டில் இருந்த கீறல் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. உண்மையான ஸ்டீரியோ வைத்திருப்பவர் இந்தப் படங்களை நீங்கள் கேட்காமலே போட்டிருப்பார், விலையே அதில்தான் இருக்கிறது.

தப்பான தட்டு வந்துவிட்டால், பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருங்கள். தட்டைக் கழுவாதீர்கள், லேபிளைத் தொடாதீர்கள், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று திருப்பிவிடுவார்கள். தட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறேன், நல்ல மதிப்புரை போடுங்கள் என்ற பேரத்துக்கு இணங்காதீர்கள். எங்களிடம் கேட்டதும் அதுதான். பாதிப் பணத்தை வாங்கியதும் வழக்கு முடிந்ததாகக் கணக்காகிவிடும், மீதி வராது. புகாரில் 'போலிப் பொருள்' என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள், 'பிடிக்கவில்லை' என்பதையல்ல. ஓட்டையால் பிரிந்த பெயரின் படத்தை முதல் ஆதாரமாக வையுங்கள், அது விவாதத்துக்கு இடம் தராது. தளம் இழுத்தடித்தால் காலக்கெடு முடிவதற்குள் கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். திருப்பி அனுப்புவதானால் கண்காணிப்பு எண்ணும் கையெழுத்தும் உள்ள தபாலில்தான் அனுப்ப வேண்டும்.

இந்த எல்பியை வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஸ்டீரியோவைத் துரத்த வேண்டாம். இரண்டாம் வெர்ஷன், மோனோ, டைட்டில்ஸ் பேக் உறை. அதுதான் அந்த ஒன்பது வாரமும் கடைகளில் விற்றுத் தீர்ந்தது, அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. குரலும் கிதாரும் ஒன்றாக முட்டிக்கொண்டு வரும் அந்த மோனோ ஒலி எனக்கு ஸ்டீரியோவைவிடப் பிடித்தது. அதை வாங்கும்போதும் ஓட்டையைப் பாருங்கள், மோனோவிலும் போலி நிறைய.