ரங்கூன் வங்கியில் அம்மாவின் பணம்

சிங்கப்பூரில் வாழும் நான் இந்த முறை மியான்மரில் உள்ள என் ஊருக்குப் போய்வந்ததில் எழுத விரும்புவது ஒன்றே: அம்மாவின் மருத்துவச் செலவுக்காக, அவருடைய சேமிப்பையே எடுக்க ரங்கூனில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் பட்ட பாடு. 2021 பிப்ரவரியில் இராணுவம் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்பு போட்டுவைத்த பணம் அது. கவிழ்ப்புக்குப் பிறகு மக்கள் வங்கிகளை மொய்த்ததால், பணம் எடுப்பதற்கு வரம்பு விதித்தார்கள். ஆனால் அதே ஆண்டில், புதிதாக ரொக்கம் கொண்டுவந்து போடுபவர்களுக்கு வரம்பில்லாத சிறப்புக் கணக்குகளைத் திறந்துகொடுத்தார்கள். அம்மாவுடையது பழைய கணக்கு. காலை முழுவதும் காத்திருந்த பின் கிடைத்தது கேட்டதில் ஒரு சிறு பகுதிதான். மீதியைக் கைபேசிக் கணக்குக்கு மாற்றித் தருவதாகவும், அதை வெளியே முகவரிடம் தரகு கொடுத்து ரொக்கமாக்கிக்கொள்ளலாம் என்றும் அந்த இளம் ஊழியர் மிகுந்த சங்கடத்தோடு சொன்னார். எண்பதைக் கடந்த அம்மாவுக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்ததும் அவர்தான். அந்த மரியாதை இன்னும் நம் ஊரில் இருக்கிறது, சிங்கப்பூரில் எந்த இயந்திரமும் அதைத் தராது. ஆனால் இங்கே என் பணத்தை எனக்குத் தர யாரும் தரகு கேட்பதுமில்லை.

இந்த அவநம்பிக்கை புதிதல்ல. மியான்மர் நாணயமான சாட்டில், 1964இல் 50, 100 சாட் நோட்டுகளும், 1987இல் 25, 35, 75 சாட் நோட்டுகளும் செல்லாதவை என்று இராணுவ அரசு அறிவித்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் எங்கள் வீடுகளில் தங்கம் வாங்கிவைக்கும் பழக்கம் விடவேயில்லை. 2012இல் சாட்டின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோதும், 2014இல் கைபேசி சிம் அட்டை வெறும் 1,500 சாட்டுக்கு வந்தபோதும், நாடு மீண்டுவிட்டது என்றே நான் நம்பினேன். 2022 ஆகஸ்டிலோ டாலருக்கு 2,100 சாட் என மீண்டும் ஒரு விலையைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் வெளிச்சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்தில் கால் பங்கை அதிகாரபூர்வ வழியில்தான் அனுப்பவேண்டும் என்று 2023இல் உத்தரவு வந்த பிறகும், குடும்பத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டியல் எனும் அதிகாரபூர்வமற்ற பண அனுப்பு முறையையே நாடுவதில் என்ன வியப்பு இருக்கிறது?

இந்த நாட்டின் பொருளாதாரம் நிமிருமா என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். நெல்லும் எரிவாயுவும் மாணிக்கமும் உள்ள மண் அது. குறை மண்ணில் இல்லை, நம்பிக்கையில்தான். பிரெஞ்சு எரிசக்தி நிறுவனமான டோட்டல் 2022இல் வெளியேறிவிட்டது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பு (FATF) அதே ஆண்டு அக்டோபரில் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 18 முதல் 35 வயது வரையிலான ஆண்கள், எங்கள் தெருப் பையன்கள் உட்பட, தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வழி தேடத் தொடங்கினார்கள். அவர்கள் போய்விட்டால் பட்டறையையும் கடையையும் யார் நடத்துவது என்ற கவலை என்னை விடவில்லை. தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் குழாய் வழியே போகும் எரிவாயுவுக்கு டாலர் வந்துகொண்டிருக்கலாம். அது ஆட்சியைத் தாங்கும். அம்மாவைப் போன்றவர்கள் தங்கத்தை விற்று மீண்டும் வங்கியில் போடும் துணிவை அதனால் தர முடியாது.