பிள்ளைக்கு ஆன்லைனில் கவுன்சலிங் பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 38,400 ரூபாய் போயிற்று

நேற்று சாயங்காலம் கடைசி மெயில் வந்தது. "உங்கள் கோரிக்கை எங்கள் கொள்கையின்படி பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 38,400 ரூபாய்க்கு ஒரே வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயரைப் போடவில்லை. செல்போன் ஆப் வழியாக, பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று மனநலக் கவுன்சலிங்கைப் பேக்கேஜாக விற்கும் ரகம். பரீட்சை நேரம் வந்தால் போனைத் திறந்த இடமெல்லாம் இவர்கள் விளம்பரம்தான். ஏமாந்தது என் அக்கா. பையனுக்கு 17 வயது, பிளஸ் டூ. மனநலத் துறையிலேயே வேலை பார்க்கும் தம்பி இருந்தும், பணம் கட்டி ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் வாயைத் திறந்தாள். பையனைப் பற்றி யாரும் ஒரு மாதிரி பேசிவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ரசீது, சாட், மெயில், லோன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் "இலவச மன ஆய்வு". பையனே இரவில் தன் போனில் செய்திருக்கிறான். மொத்தம் 16 கேள்விகள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9, பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7, இரண்டையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டுமே உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய படிவங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். முதலாவதில் அதிகபட்சம் 27, இரண்டாவதில் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவர் நேரில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று பொருள். இது சல்லடை மாதிரி. இதை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவர்கள் அனுப்பிய அறிக்கையில் "மூளை நலக் குறியீடு 43 சதவீதம்" என்று சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அப்படி ஒரு குறியீடு அந்த இரண்டு படிவங்களிலும் கிடையாது. பெற்றவர்களைப் பயமுறுத்த வரைந்த வட்டம் அது.

பையனுக்கு பி.எச்.கியூவில் வந்தது 14. அதைவிட முக்கியம் ஒன்பதாவது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி. "சில நாட்கள்" என்று குறித்திருக்கிறான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தக் கேள்வியில் பூஜ்யத்தைத் தவிர எந்த எண் விழுந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், பயிற்சி பெற்ற ஒருவர் அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டும். எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறானா, இப்போது வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மூடிவைத்த விஷயத்தைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ராத்திரி வேளையாக இருந்தால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐயாவது திரையில் காட்ட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இங்கே நடந்தது என்ன? படிவத்தை முடிக்க "பெற்றோர் எண்" கட்டாயம். பதினோரு நிமிடத்தில் அந்த எண்ணுக்குப் போன் வந்தது, பேக்கேஜ் விற்பதற்கு. ஒன்பதாவது கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறிக்கையின் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த பதில் கிடக்கிறது. நான் திறந்து பார்க்கும் வரை, ஒரு மாதம், அதை யாரும் பார்க்கவில்லை. எனக்கு 38,400 ரூபாயைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

போன் செய்த பெண் தன்னை "கேர் அட்வைசர்" என்று சொல்லியிருக்கிறார். வேலை விற்பனை. ஆனால் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். "தம்பி நல்லாத் தூங்குறானாம்மா? தட்டுல போட்ட சோத்த அப்படியே வெச்சிட்டுப் போறானா? உங்ககிட்ட எரிஞ்சு விழுறானா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அக்கா அழுதுவிட்டாள். "இவ்வளவு நேரம் என்னை உக்கார வெச்சு யாருடா கேட்டா? அதான் நம்பிட்டேன்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளியில் "படிக்க மாட்டேங்கிறான்" என்றார்கள். மாமா "போனைப் புடுங்கு, எல்லாம் சரியாயிடும்" என்றார். காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அந்த விற்பனைக்காரர்.

கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் விலை வந்துவிட்டது. 24 அமர்வுகள், ஒன்றுக்கு 1,600 வீதம் 38,400 ரூபாய். "உண்மையான விலை 64,000 அம்மா, இன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள போட்டாத்தான் இந்த ரேட்." ஆப்பில் கடிகாரம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் திறந்தாலும் அதே கடிகாரம், அதே 38,400. இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதை, நுகர்வோரை ஏமாற்றும் 13 தந்திரங்களில் ஒன்றாக மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்தால் புகாருக்கு உதவும்.

"கையில் பணம் இல்லை" என்று அக்கா சொன்னதும், "மாசம் 6,400, ஆறு மாசம், வட்டியே இல்ல" என்றிருக்கிறார். பையனின் "ஃபைல் ஓப்பன் பண்ண" என்று ஆதார், பான், ஒரு செல்ஃபி, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு ஓ.டி.பி. கவுன்சலிங்குக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எதற்கு என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அது ஃபைல் இல்லை. ஒரு நிதி நிறுவனத்தில் அக்கா பேரில் எடுத்த தனிநபர் கடன். நிதி நிறுவனம் பணத்தை அன்றே ஆப் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. இனி தவணையை நிறுத்தினால் அடிபடுவது அக்காவின் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண். கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. பையன் ஒரு அமர்வுக்கும் போகாவிட்டால்கூட 38,400 அக்கா தலையில்தான்.

ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரி டிஜிட்டல் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒன்று தர வேண்டும். அதில் கடனிலிருந்து அபராதமில்லாமல் விலக ஒரு கால அவகாசம் எழுதியிருக்கும். அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான செலவையும் கட்டிவிட்டால் முடிந்தது. அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள், அவள் வருஷக்கணக்காகத் திறக்காத ஒரு மெயிலுக்கு. நான் பார்த்தபோது அவகாசம் முடிந்திருந்தது.

அமர்வுகளுக்கு வருகிறேன். பணம் ஏறியது ஆகஸ்ட் 3. திருப்பிக் கேட்க 7 நாள்தான் என்று விதிமுறையில் இருக்கிறது. முதல் அமர்வுக்கு அவர்கள் கொடுத்த தேதி ஆகஸ்ட் 12. "எக்ஸ்பர்ட் ஸ்லாட் இல்லை" என்று இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே திருப்பிக் கேட்கும் நாள் தீர்ந்துவிட்டது. எப்போதும் பாருங்கள், இந்த நாட்கள் வாங்கிய தேதியிலிருந்து ஓடுகிறதா, முதல் அமர்விலிருந்து ஓடுகிறதா என்று.

நடந்தது மூன்றே அமர்வுகள். 45 நிமிடம் என்று எழுதியிருக்கிறது. முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 30, மூன்றாவது 22. மூன்றுக்கும் மூன்று வேறு ஆட்கள். ஒவ்வொருவரிடமும் பையன் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது நபர் கேமராவையே போடவில்லை. 17 வயதுப் பிள்ளைக்குத் தொடங்கும்போது பெற்றவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், எது இரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் எதை வீட்டில் சொல்வார்கள் என்று இருவருக்கும் விளக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. "இனிமே யார்கிட்டயும் பேசமாட்டேன் மாமா" என்று அவன் என்னிடம் சொன்னான். இந்த நஷ்டத்துக்கு ரசீது கிடையாது.

"சீனியர் சைக்காலஜிஸ்ட்" என்றார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் கேட்டேன். "எங்கள் நிபுணர்கள் அனைவரும் சான்றிதழ் பெற்றவர்கள்" என்று பதில். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதே வாக்கியம். வற்புறுத்தியதும் ஒருவருடைய சான்றிதழ் வந்தது: மூன்று மாத ஆன்லைன் டிப்ளமோ.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்து எழுதக்கூடியவர் இவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் முதுகலைக்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். போன்ற மேற்பார்வையுள்ள பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்ற ஆர்.சி.ஐ. பதிவேட்டில் பெயர் உள்ளவர். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம். கவுன்சிலர் என்ற பெயருக்கு இந்த மாதிரிக் கட்டாயம் நடைமுறையில் இல்லை. எம்.எஸ்சி. சைக்காலஜியோ, எம்.எஸ்.டபிள்யூ.வோ படித்து அருமையாக வேலை செய்யும் கவுன்சிலர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் படிப்பைக் கேட்டால் கேட்டதும் சொல்வார்கள். சொல்லாமல் சுற்றி வளைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை இது. சாட்டில் எழுதினால் "48 வேலை மணி நேரத்தில் தீர்வு". இரண்டு நாள் என்று நினைத்தோம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்காம், ஆறு வேலை நாள். ஆறாவது நாள் புகார் எண் தானாக மூடிக்கொள்ளும். புது எண் எடுத்தால் மறுபடியும் 48. நாலு முறை. போனில் பேசினால் "மேல் டீமுக்கு அனுப்பியிருக்கோம் சார்". மேல் டீமில் யார் என்று கேட்டால் லைன் கட். பேக்கேஜ் விற்ற பெண்ணின் எண் இப்போது எடுப்பதே இல்லை. ஒரு நாள் அவர்களாகக் கூப்பிட்டு, பாக்கி 21 அமர்வுகளை "குடும்பத்தில் வேற யாருக்காவது மாத்திக்கலாம், கூடவே தூக்கத்துக்கு ஒரு வீடியோ கோர்ஸ் இலவசம்" என்றார்கள். அமர்வுக் குறிப்புகளையாவது கொடுங்கள், புது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டால் "உள் ஆவணம்" என்றார்கள். தன் மருத்துவப் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25வது பிரிவு தருகிறது என்று எழுதினேன். அதற்குப் பதில்தான் நேற்றைய ஒற்றை வரி. நிதி நிறுவனமோ "சேவை பற்றி விற்பனையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்கிறது. இரண்டு தவணை போய்விட்டது. மூன்றாவது வரும் 5ஆம் தேதி.

பையன் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறான். புறநோயாளிச் சீட்டு போட்டு, இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கூட்டம், நெரிசல், உண்மைதான். ஆனால் உள்ளே போன ஐந்தாவது நிமிடம், அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்த ஒன்பதாவது கேள்வியை டாக்டர் அவனிடம் நேராகக் கேட்டார். அடுத்த வாரத்துக்குத் தேதி எழுதி, அதே சைக்காலஜிஸ்ட்டிடம் வரச் சொன்னார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். நாளைக் காலை மனு போட வேண்டும், இப்போதைக்கு இவ்வளவுதான்:

14416 டெலி-மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. 18 வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை ஸ்நேகா 044-24640050. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஆப், பேக்கேஜ் எதையும் தேடாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் எங்கே என்று கேளுங்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் ஒரு அமர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஒரு அமர்வு விற்க மாட்டோம் என்றால் வேண்டாம். "சாவு பற்றிய கேள்விக்கு ஆம் என்று பிள்ளை சொன்னால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

பான் கார்டு, செல்ஃபி கேட்டால் அது கடன். ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே மெயிலைத் திறந்து, விலகும் அவகாசம் எத்தனை நாள் என்று பாருங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆப்பை அழிக்காதீர்கள், சாட் போய்விடும்.

எங்கள் 38,400-க்கான மனு தயார். இதே மாதிரி வேறு யாராவது கட்டியிருந்தால், ரசீதும் விதிமுறைப் பக்கத்தின் படமும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பிள்ளையின் பெயரை யாரும் பொதுவில் எழுத வேண்டாம்.